துரை வருகிறார் என்று போட்ட மெருகு

குழி வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, சுரங்கத்தில் எது பெரிய ஆபத்து என்று கேட்டால் நீங்கள் கல் சரிவதைச் சொல்வீர்கள். வெடிக்காமல் நின்றுபோன மருந்தைச் சொல்வீர்கள். கெட்ட காற்று, மழைத் தண்ணீர், உளுத்த மரம் என்று அடுக்குவீர்கள். எல்லாம் சரிதான். என்னைக் கேட்டால் முதலிடத்தை விருந்தாளிக்குத்தான் கொடுப்பேன். பெரிய மனிதர் ஒருவர் பார்வையிட வருகிறார் என்று செய்தி வந்துவிட்டால் போதும், அன்றுவரை ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்தவனெல்லாம் ஒழுங்காகத் தெரிய வேண்டும் என்று வேலை செய்யத் தொடங்குவான். இரண்டுக்கும் நடுவில் ஒரு குழி இருக்கிறது. அதில் ஒருவர் விழப் பார்த்த கதையைச் சொல்கிறேன்.

நான் வள்ளியூர்ப் பக்கம் பிறந்தவன். எனக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாம் வகுப்போடு உறவு முடிந்தது. ஓரிடத்தில் உட்கார்ந்தால் உள்ளங்கால் அரிக்கும். உப்பளத்தில் சுமந்தேன், பாதம் வெடித்ததும் நான் அதை விட்டேன். செங்கோட்டை மலையில் கொல்லத்துக்கு ரயில் பாதை போட்ட கூட்டத்தில் கல் உடைத்தேன். பாதை முடிந்ததும் அவர்கள் என்னை விட்டார்கள். அப்புறம் நெடுமங்காடு தாண்டி வித்துரா போகிற வழியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நடந்தேன். வயிறு காலி, அதனால் சுமை குறைவு. இப்போது ரப்பர் நிற்கிற குன்றுகள் சிலவற்றில் அந்தக் காலத்தில் பென்சில் கரி தோண்டினார்கள். உங்கள் பென்சிலுக்குள் இருக்கிறதே, அதேதான். ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி குத்தகைக்கு எடுத்திருந்தது.

பென்சில் கரியைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது கல்லும் இல்லை, மண்ணும் இல்லை. எண்ணெய் காய்ந்து பொடியானது போல் இருக்கும். கையில் பட்டால் கை வழுக்கும், ஏணியில் பட்டால் ஏணி வழுக்கும். அங்கே வேலை செய்தவர்கள் எல்லோரும் கருப்பாகப் பளபளவென்று, அப்போதுதான் வார்த்தெடுத்த சிலை மாதிரி இருப்பார்கள்.

நான் சேர்ந்த அன்று காலையில் ஒன்று பார்த்தேன். குழி வாயில் செம்மண்ணும் சரளையும் கலந்து ஒரு குவியல் கிடந்தது. ஏணியில் இறங்குகிற ஒவ்வொருவனும் அதன் முன்னால் குனிந்து, ஒரு பிடி எடுத்து, உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தேய்த்துக்கொண்டு போனான். ஊர் புதிது, சாமியும் புதிது போலிருக்கிறது என்று நினைத்தேன். நானும் பயபக்தியோடு குனிந்து, ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணில் ஒற்றி, நெற்றியில் இட்டுக்கொண்டு ஏணியில் கால் வைத்தேன். வைத்த காலை அப்புறம் நான் பார்க்கவில்லை. எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்த ஒருவனுடைய தோளில் போய் உட்கார்ந்திருந்தேன்.

"எடேய் பாண்டி," என்றான் அவன், என்னைச் சுமந்தபடியே. கிழக்கேயிருந்து வருகிற எவனும் அந்தப் பக்கத்தில் பாண்டிதான். "மேலேருந்து நேரா என் தோளுக்கு வரியே, பின்ன ஏணி எதுக்குடே வச்சிருக்கு?"

"சாமி கும்பிட்டுட்டுத்தான் அண்ணே இறங்கினேன்."

"அது சாமி இல்லடே, மண்ணு! கையில தேச்சா பிடி கிட்டும். நெத்தியில தேச்சா தலையில பிடிக்கவா போற?"

அவன்தான் யோவான். பாறசாலைக்காரன், ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிறவன். அவனும் அந்தக் குவியலுக்கு முன்னால் குனிந்தபோதே அது சாமி இல்லை என்று எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பசியோடு இருப்பவனுக்கு மதமெல்லாம் கலங்கித்தான் தெரியும்.

குழி வாயில் இருந்த ராட்டுக்கு யோவான்தான் பொறுப்பு. கிணற்று ராட்டு மாதிரிதான், கொஞ்சம் பெரிது. குறுக்கே ஒரு மர உருளை, இரண்டு பக்கமும் சுற்றுகிற கைப்பிடி, வடத்தின் நுனியில் இரும்புத் தொட்டி. தொட்டியை மேலே ஏற்ற நாங்கள் நான்கு பேர் சுற்ற வேண்டும். இறக்கும்போது சுற்ற வேண்டாம், தொட்டி தன் பாரத்திலேயே இறங்கும். உருளையின் ஓரத்தில் இருந்த இரும்பு வளையத்தின்மேல் யோவான் ஒரு மரக்கட்டையை நெம்புகோலால் அழுத்தி வேகத்தை அடக்குவான். அதற்குப் பேர் பிரேக். அழுத்தும்போதெல்லாம் அது பசித்த கன்றுக்குட்டி மாதிரி கத்தும். குன்றுக்கு அந்தப் பக்கம் மாடு மேய்ப்பவர்களுக்குக்கூடக் கேட்கும். கட்டை கருகும் வாசனை வரும். யோவானுக்கு அதில் வெட்கம். "என் ராட்டு சீக்கு பிடிச்ச மாதிரி கரையுது" என்பான். அழுவதற்கு அவன் ஊரில் கரைவது என்று பேர்.

இனி கணக்கர் சாமி. கரமனை அக்ரகாரத்துக்காரர். சம்பளக் கணக்கு, சாமான் கணக்கு எல்லாம் அவர் கையில். எங்களுக்குக் காய்ச்சல் என்றால் கஷாயப் பொடி கொண்டுவந்து கொடுப்பார். குடித்தோமா என்று நின்று பார்த்துத் திட்டிவிட்டுப் போவார். வருஷக்கணக்கில் அந்தச் சுரங்கத்தின் கணக்கை எழுதியவர், ஒரு நாளும் உள்ளே இறங்கியதில்லை. கேட்டால், "நான் உள்ளே வந்தா வெளியே உங்களுக்கு யாருடா கூலி குடுப்பா?" என்பார்.

அப்போதுதான் செய்தி வந்தது. கம்பெனியின் பெரிய துரை மனைவியோடு வருகிறார். பார்த்துப் பிடித்துப்போனால் நீராவி எந்திரம் வரும், இன்னும் ஆழமாகத் தோண்டுவார்கள், எல்லோருக்கும் வேலை நிலைக்கும். பிடிக்காவிட்டால் மூடிவிடுவார்கள். சுரங்கத்து மானேஜர் துரை அவர்களை அழைத்துவரத் திருவனந்தபுரம் போய்விட்டார். போகும்போது கணக்கர் சாமியிடம், எல்லாம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த ஒரு சொல் போதாதா?

முதலில் செம்மண் குவியல் போனது. "இது என்னடா, குழி வாசல்லே ஆனை சாணி போட்டாப்பிலே? ஏணி பூரா செவப்புக் காலடி. எடுத்துக் கொட்டு, கேட்டயா?" என்றார் சாமி. கொட்டினோம். அந்த இடத்தில் வெள்ளை மணல் பரப்பினோம். பக்கத்து ஓடையில் மணல் கிடந்தும், தன் வீட்டுப் படித்துறைக்கு எதிரே இருக்கிற கரமனை ஆற்று மணல்தான் துரைசானி காலுக்கு மெத்தென்று இருக்கும் என்று மாட்டு வண்டியில் வரவழைத்தார்.

அடுத்தது மெருகு. இரும்பு எதுவும் துருவோடு தெரியக் கூடாது என்றார். துருவை மறைக்க எங்களிடம் இல்லாத பொருளா? பென்சில் கரியைப் பொடித்துத் துணியில் தொட்டுத் தேய்த்தால் பழைய இரும்பும் புதுப் பெண் மாதிரி மினுங்கும். மண்வெட்டி மினுங்கியது. தொட்டி மினுங்கியது. யோவான் தன் ராட்டை யாரையும் தொட விடவில்லை. தானே உட்கார்ந்து உருளையின் இரும்பு வளையத்தைத் தேய் தேய் என்று தேய்த்தான். கட்டையைக் கழற்றி அதன் அடிப்பக்கத்தையும் தேய்த்தான். முடிந்ததும் அதில் தன் மீசையைப் பார்த்து முறுக்கிக்கொண்டான்.

"பாண்டி, இனி கரைச்சல் இல்ல, பாரு. துரைசானி கேட்டா வெக்கமில்லையா?"

"கல்யாண மாப்பிள்ளைகூட இவ்வளவு மினுங்கமாட்டான்" என்றேன். மற்றவர்களும் சுற்றி நின்று பாராட்டினார்கள். அத்தனை பேரும் குழியில் இறங்கி ஏறுகிறவர்கள். வழுக்குகிற பொருள் எது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்கிறவர்கள். ஒருவனுக்கும் உறைக்கவில்லை. எங்கள் கண்ணுக்கு அது பிரேக்காகத் தெரியவில்லை, அலங்காரமாகத் தெரிந்தது.

துரை வரும் அன்று காலை, தொட்டிக்குள் ஒரு நாற்காலியை வைத்துக் கட்டி, வெள்ளைத் துணி விரித்தோம். துரைசானியும் உள்ளே இறங்கிப் பார்க்க ஆசைப்படுகிறார் என்று சொல்லியிருந்தார்கள். மெருகு போட்டபின் ராட்டை அதுவரை யாரும் ஓட்டவில்லை.

"வெறும் கல்லை வச்சு ஒரு தரம் இறக்கிப் பாப்போம், சாமி" என்றான் யோவான்.

சாமி பதறினார். "கல்லை வைக்கவா? துணி கரியாயிடும்டா! தோய்க்க நேரம் ஏது?" கொஞ்சம் யோசித்தார். "நான் குளிச்சாச்சு. நானே உக்காந்து போறேன். துரை வந்து, உள்ளே எப்படி இருக்குன்னு கேட்டா, எனக்குத் தெரியாதுன்னா மானம் போயிடாதோ? ஒரு தரம் பாத்துட்டு வந்துடறேன்."

இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும். கல்லை வைத்துச் சோதிக்கவில்லை, துணி அழுக்காகும் என்று. மனிதனை வைத்துச் சோதித்தோம், அவர் சுத்தமாக இருந்தார் என்று. அந்தக் காலை நேரத்தில் அது எங்கள் எல்லோருக்கும் மிக நியாயமாகப் பட்டது.

சாமி புது வேஷ்டியைச் சுருட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். நாங்கள் தொட்டியைத் தூக்கிக் குழிக்கு நேராக விட்டோம். யோவான் நெம்புகோலைப் பிடித்தான். தொட்டி இறங்கியது.

"ஆஹா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்ன சுகமா போறதுடா! பல்லக்குலே போறாப்பிலேயாக்கும் இருக்கு!"

"பாத்தியாடே?" என்று யோவான் என்னைப் பார்த்துச் சிரித்தான். "வெண்ண மாதிரி!"

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே ஏதோ ஒன்று குறைகிறது என்று பட்டது. வீட்டில் ஓயாமல் அழுகிற குழந்தை திடீரென்று அழுகையை நிறுத்தினால் தாய்க்காரி எழுந்து ஓடுவாள் இல்லையா, அந்த மாதிரி. கன்றுக்குட்டி கத்தவில்லை. கட்டை கருகும் வாசனையும் இல்லை. யோவான் அழுத்துகிறான், ஆனால் எதுவும் அவனை எதிர்த்துப் பேசவில்லை.

"அண்ணே, நிறுத்து" என்றேன்.

"எதுக்குடே?"

"நிறுத்திக் காட்டு."

அவன் நெம்புகோலை முழுதாக அழுத்தினான். உருளை சுற்றிக்கொண்டே இருந்தது. இரண்டு கையாலும் அழுத்தினான். அதன்மேல் ஏறி உட்கார்ந்தான். உருளை இன்னும் வேகமாகச் சுற்றியது. யோவானின் முகத்தில் கரிக்கு அடியில் இருந்த நிறம் போனது.

கைப்பிடிகள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் சுழன்றன. பக்கத்தில் நின்ற ஒருவன் பிடித்து நிறுத்தப் பாய்ந்தான். அவன் அரைக் கச்சையைப் பிடித்துப் பின்னால் இழுத்துப் போட்டேன். தம்பிகளே, சுற்றுகிற கைப்பிடியைப் பிடிக்கப் போகாதீர்கள். அது உங்கள் கையோடு சேர்ந்துதான் சுற்றும். இழுத்துப் போட்ட வேகத்தில் நானும் மணலில் விழுந்தேன். உள்ளங்கை நிறைய மணல்.

ஏற்றத்தில் ரயில் எஞ்சின் சக்கரம் வழுக்கினால் தண்டவாளத்தில் மணல் கொட்டுவதைச் செங்கோட்டை மலையில் தினமும் பார்த்திருக்கிறேன். அது எனக்கு அப்போது நினைவுக்கு வந்து நான் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். உண்மையில் கை முதலில் செய்தது, நினைவு பிறகு வந்தது. இரண்டு கையாலும் அள்ளி வளையத்துக்கும் கட்டைக்கும் நடுவில் எறிந்தேன். மறுபடி எறிந்தேன். "எல்லோரும் போடுங்க!" என்று கத்தினேன். துரைசானியின் பாதத்துக்காகக் கரமனையிலிருந்து வண்டியேறி வந்த மணலை ஆளாளுக்கு வாரி வீசினார்கள். யோவான் கண்ணில் பாதி விழுந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டு நெம்புகோலை விடாமல் தொங்கினான்.

கன்றுக்குட்டி ஒரு தரம் முனகியது. அப்புறம் காது கிழியக் கத்தியது. அதைவிட இனிமையான சத்தத்தை நான் எந்தக் கச்சேரியிலும் கேட்டதில்லை. உருளை நின்றது.

குழிக்குள் எட்டிப் பார்த்தேன். இருட்டு. "சாமீ!"

கையைக் குவித்து மறுபடி கூப்பிட்டேன். "சாமீ! இருக்கீங்களா?"

வெகு கீழேயிருந்து மெல்லிய குரல் வந்தது. "நாற்காலியிலேதான் இருக்கேன். தண்ணி காலைத் தொடறது. மேலே இழுங்கோ. மெதுவா. அவசரமே இல்லை."

மற்றவர்கள் வளையத்தில் மணலைப் போட்டுக்கொண்டே இருக்க, நாங்கள் நான்கு பேரும் சுற்றினோம். மேலே வந்தவரை எங்களுக்கு அடையாளம் தெரியவில்லை. குழிச் சுவரில் உரசி உரசித் தலை முதல் கால் வரை கரி. பூணூல்கூடக் கருப்பு. வெள்ளைத் துணி இருந்த இடமே தெரியவில்லை. இறங்கி மணலில் உட்கார்ந்தார்.

"ஒரு சத்தம் போட்டிருக்கக் கூடாதா, சாமி?" என்றேன்.

"போட்டேன்டா. நான் கீழே போயிட்டேன், குரல் மேலேயே நின்னுடுத்து."

நெம்புகோலைப் பிடித்த கையை விரிக்க யோவானால் முடியவில்லை. ஒவ்வொரு விரலாக நாங்கள்தான் பிரித்தோம். "நானே தேச்சேனே, என் கையாலதானே தேச்சேன்" என்று முனகினான்.

அந்த நேரத்தில் சாலைத் திருப்பத்தில் குதிரை வண்டிச் சத்தம் கேட்டது.

ஆளை மீட்டுவிட்டோம், ஆபத்து முடிந்தது என்று நீங்கள் நினைப்பீர்கள். பெரிய ஆபத்து அப்போதுதான் வண்டியில் வந்துகொண்டிருந்தது. எங்களுக்குள் அவசரமாக ஒரு பேச்சு. துரை இறங்காமல் திரும்பினால் சுரங்கம் பிடிக்காமல் போகும். மூடினால் எல்லோரும் தெருவில். பிரேக் இப்போது பிடிக்கிறதே, மணலைக் கொஞ்சம் தூவி வைத்தால் போதாதா, துணியை மாற்றினால் யாருக்குத் தெரியப் போகிறது? சொன்னவர்கள் கெட்டவர்கள் இல்லை. வீட்டில் பிள்ளைகள் உள்ளவர்கள்.

சாமி என்னைப் பார்த்தார். "இந்த மணல் எத்தனை நேரம் பிடிக்கும்?"

"தெரியாது சாமி. ரயில்லே விடாமப் போட்டுக்கிட்டே இருப்பாங்க."

"ரெண்டு பேர் பாரத்துக்கு?"

"தெரியாது."

"அடுத்த தரம் இறக்கறச்சே?"

"அதுவும் தெரியாது சாமி."

"போதும்" என்று எழுந்தார். வேஷ்டியை உதறிப் பார்த்தார். உதறுவதற்கு அதில் வெள்ளை எதுவும் மிச்சமில்லை. அப்படியே வண்டியை நோக்கி நடந்தார்.

முகம் கழுவிக்கொண்டு போகலாமே என்று நான் பின்னாலேயே ஓடினேன். "கழுவினா நான் சொல்றதை நம்பமாட்டா" என்றார்.

பெரிய துரை சிவந்த முகத்தோடு இறங்கினார். மானேஜர் துரை தன் கணக்கரை அடையாளம் தெரியாமல் திகைத்து நின்றார். சாமி இங்கிலீஷில் பேசினார். எனக்கு இங்கிலீஷ் கிடையாது. மிஷன் பள்ளிக்கூடத்துக்குப் போன யோவான் என் காதில் ஓதினான்.

"'நான் இப்பத்தான் உள்ள போயிட்டு வந்தேன்'னு சொல்றாரு... 'நீங்க போகக் கூடாது'ன்னு சொல்றாரு... அய்யோ, 'ஏன்'ன்னு துரை கேக்காரு... 'நீங்க வாறீங்கன்னு அழகு பண்ணினோம், அதனால இன்னைக்கு ஆபத்து'ன்னு சொல்லியாச்சுடே. போச்சு!"

என் பேரைச் சொன்னாரா, யோவான் பேரைச் சொன்னாரா என்று கேட்டேன். "இல்லடே. 'மெருகு போடச் சொன்னது நான்'னு சொல்றாரு."

பெரிய துரையின் முகம் இன்னும் சிவந்தது. இத்தனை தூரம் படகிலும் வண்டியிலும் வந்தவர். மானேஜர் துரை குறுக்கே ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் துரைசானி ராட்டின் பக்கத்தில் போய், வெள்ளைக் கையுறை போட்ட விரலால் இரும்பு வளையத்தைத் தடவிப் பார்த்தார். விரல் சர்ரென்று வழுக்கிப் போனது. கருத்துப்போன விரல் நுனியைப் புருஷன் மூக்குக்கு நேரே நீட்டி என்னமோ சொன்னார்.

"என்ன சொல்லுது?"

"'நம்ம வீட்டு இரும்பு அடுப்பு மினுங்க இதத்தானே வேலைக்காரி தேப்பா, அதுல ஏறி உக்காரவா என்னைக் கூட்டிட்டு வந்தீங்க'ன்னு கேக்குது."

பெரிய துரை குழியில் இறங்கவில்லை. பலா மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுவந்ததைச் சாப்பிட்டார். வெட்டியெடுத்து வைத்திருந்த கரிக்கட்டிகளை உருட்டிப் பார்த்தார். சிரிக்காமல் வந்தார், சிரிக்காமலே போனார்.

மறுநாள் காலை செம்மண் குவியல் பழைய இடத்துக்கு வந்தது. சாமிதான் முன்னால் நின்று கொட்டச் சொன்னார். யோவான் வளையத்தைச் சுரண்டித் தேய்த்துத் துருவையே திரும்ப வரவழைத்தான். கட்டையைப் புதிதாக மாற்றினான். கன்றுக்குட்டி கத்தினால் இப்போது அவன் வெட்கப்படுவதில்லை. கத்தாவிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான்.

நீராவி எந்திரம் வரவில்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் சுரங்கத்தை மூடச் சொல்லி உத்தரவு வந்தது. பென்சில் கரிக்குச் சீமையில் விலை இறங்கிவிட்டது என்றார்கள். சாமி அன்று வாயைத் திறந்ததால்தான் என்றும் சிலர் சொன்னார்கள். எது நிஜம் என்று எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு எத்தனையோ குழிகள் மூடியதைப் பார்த்திருக்கிறேன். பல இடங்களில் மூடும்போது வெளியே வந்தவர்களை எண்ணிப் பார்த்து, பிறகு வராதவர்களின் வீட்டுக்குப் போய் நின்றிருக்கிறேன். இங்கே அந்த வேலை இருக்கவில்லை. எல்லோரும் மூட்டை முடிச்சோடு, சொந்தக் காலில், நெடுமங்காடு போகும் சாலையில் சத்தமாகக் கம்பெனியைத் திட்டிக்கொண்டு நடந்தோம்.

சாமியும் எங்களோடுதான் நடந்தார். அவருடைய தகரப் பெட்டியை யோவான் தோளில் வைத்திருந்தான். ஏற்றம் வந்ததும் அவனுக்கு மூச்சு வாங்கியது.

"சாமி, கேட்டா கோபப்படக் கூடாது" என்றான். "அன்னைக்கு நீங்க மட்டும் சும்மா இருந்திருந்தா, இன்னைக்கு நான் இந்தப் பெட்டியத் தூக்கிட்டு நடக்கணுமா?"

சாமி நிற்கவில்லை. குடையை அடுத்த கைக்கு மாற்றிக்கொண்டு சொன்னார்:

"வேண்டாம்டா. ஆனா துரையைத் தூக்கிண்டு நடந்திருப்பே. ரெண்டுலே எது லேசு, சொல்லு பாப்போம்."

யோவான் பெட்டியை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டான்.